சேறு சலிக்கிற வேலைக்கா மகளை அனுப்புவது?

வணக்கம் அய்யா,

கடிதம் கிடைத்தது. மகள் கடல் உயிரியல் படித்து, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் கடல் சூழலியலாளராகச் சேர ஆசைப்படுகிறாள். "உயிரியல் குரூப் எடுத்த பிள்ளை டாக்டருக்குப் படிக்காமல் கடலில் போய் என்ன செய்யப்போகிறது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. கிடைக்கும். எனக்கு இருக்கிற கவலை வேறு. அவள் மனதில் இருக்கும் வேலையும் உண்மையில் நடக்கும் வேலையும் ஒன்றுதானா?

முதலில் இந்த வேலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். துறைமுகம் கட்டவும் கடலடியைத் தூர்வாரவும் 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி வாங்க வேண்டும். கடலோரத்தில் செய்யும் வேலைகளுக்கு 2019-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் தனியாக உண்டு. அனுமதிக்கான அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் நாபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் எழுத வேண்டும். காற்று, நீர், சத்தம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் கையெழுத்துப் போடுவார். சூழலியல், பல்லுயிர் என்பது அதில் ஒரு பிரிவு. அந்த இடத்துக்குத்தான் உங்கள் மகள் போக வேண்டும். எடுத்த எடுப்பில் கிடைக்காது. சில வருடம் உதவியாளராக உழைத்த பிறகுதான்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கான அறிக்கையை ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று இரண்டு முறை கொடுக்க வேண்டும். நெம்மேலி போன்ற இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உப்பு கூடிய நீரைத் திரும்பக் கடலில்தான் விடுகின்றன. அந்த இடத்தில் உயிரினங்கள் எப்படி இருக்கின்றன என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே. சம்பளம் இதில்தான் ஓடுகிறது.

சரி, அன்றாட வேலை எப்படி? விடியும் முன் மீனவர் படகில் கிளம்ப வேண்டும். 'வான் வீன் கிராப்' என்று இரண்டு தாடை வைத்த இரும்புக் கருவி ஒன்று உண்டு. கயிற்றில் கட்டி இறக்கினால், தரையைத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டு சேற்றை அள்ளி வரும். தாடைக்கு நடுவே ஒரு சிப்பி மாட்டினாலும் பாதிச் சேறு வழியிலேயே கரைந்து போகும். மறுபடி இறக்க வேண்டியதுதான். வந்த சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் கொட்டிக் கடல்நீரால் அலச வேண்டும். மிஞ்சுகிற புழு, குட்டிச் சிப்பி எல்லாம் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போகும். உயிரினங்கள் இளஞ்சிவப்பாகத் தெரிய ரோஸ் பெங்கால் சாயமும் சேர்ப்பார்கள். இதையெல்லாம் ஆடுகிற படகில், வாந்தியை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். டால்பின் கண்ணில் பட்டால் அது அன்றைய போனஸ்.

அப்புறம் நுண்ணோக்கி முன்னால் பல நாள் உட்கார வேண்டும். இந்தத் துறையில் உண்மையான கிராக்கி இங்கேதான். ஒரு புழுவின் உடம்பில் உள்ள மயிர் போன்ற முட்களைப் பார்த்து அது எந்தக் குடும்பம், எந்த இனம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கேப்பிட்டெல்லா என்ற புழு மட்டும் ஓரிடத்தில் மண்டிக் கிடந்து மற்றவை அருகிப்போயிருந்தால், அங்கே கரிமக் கழிவு சேர்கிறது என்று சந்தேகிக்கலாம். அதைக் கண்டு சொல்லும் கண்ணை எந்த மென்பொருளும் தந்துவிடாது. கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கண்ணை வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே கொஞ்சம் புள்ளியியலும், கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ்ஸும் இருந்தால் போதும்.

படிப்புக்கு அவசரம் வேண்டாம். இளநிலையில் விலங்கியல் எடுக்கட்டும். முதுநிலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரம் பக்கத்திலேயே. கொச்சின் பல்கலைக்கழகம், அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் துறை ஆகியவையும் நல்லவை. அரசு வேலைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தால், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் இளநிலைப் படிப்பையும் பாருங்கள். அதற்கு நீட் தேவையில்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கட்டப்போகிறவர்தான். "பவளப்பாறை இருக்கு என்று எழுதணுமா?" என்று யாராவது மெல்லக் கேட்கும் நாள் வரும். பவளமும் கடல்பசுவும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் கொடுத்த அனுமதியையே ரத்து செய்ய முடியும். கையெழுத்து உங்கள் மகளுடையதாக இருக்கும். வேலைக்குச் சேரும்போது சம்பளத்தை விட, இதற்கு முன் அந்த நிறுவனம் எழுதிய அறிக்கைகளைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு வராது. அதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊரில் வளர்ந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய பலம். பெரிய திட்டங்களுக்கு ஆட்சியர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டையும், ஆவுளியா என்கிற கடல்பசு மேய வரும் கடல்புல் தரையையும் அவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால், கூட்டத்தில் முதல் வரிசைப் பெரியவரே அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்.

கல்யாணத்துக்குப் பிறகு சரிப்படுமா என்று உங்கள் மனைவி கேட்கச் சொன்னார்களாம். களப்பணி பருவம் பார்த்து வரும். மற்ற நாட்களில் ஆய்வகமும் அறிக்கையும்தான். படகில் பெண்கள் போவது இப்போது புதிதல்ல, ஆனாலும் துணைக்கு ஆள், உயிர்காப்பு உடை, திரும்பும் நேரம் இவற்றை நிறுவனம் எப்படிக் கவனிக்கிறது என்று நேர்காணலிலேயே கேட்கலாம், தப்பில்லை.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் கருத்துக்கேட்புக்கான தமிழ்ச் சுருக்க அறிக்கைகள் இருக்கும். ஏதாவது ஒரு கடலோரத் திட்டத்தின் அறிக்கையை எடுத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். பாதியில் அவள் செல்போனை எடுத்தால் எனக்கு எழுதுங்கள், வேறு படிப்புகளைப் பற்றிப் பேசுவோம். "இதில் மீன் முட்டையிடும் மாதத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே" என்று அவள் கேட்டால், விலங்கியலுக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.