டிசம்பரில் நகையைத் திருப்ப முடியுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கார்களுக்கான மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மே கடைசி வரை, எட்டு மாதத்துக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு ஆன்சைட் அனுப்புகிறார்கள். விமான டிக்கெட்டும் முதல் 14 நாள் ஹோட்டலும் கம்பெனி செலவு. பிறகு வீடு நானே பார்த்துக்கொள்ள வேண்டும். தினப்படி 60 யூரோ. இங்கே வரும் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் தம்பி படிப்புக்கும் போய்விடும். கையில் 2 லட்ச ரூபாய் சேமிப்பு. தினப்படியில் மிச்சம் பிடித்து டிசம்பரில் அடகு நகையைத் திருப்பிவிடுவோம் என்று அப்பா சொந்தக்காரர்களிடமே சொல்லிவிட்டார். 2 லட்சம் போதுமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டிசம்பரில் முடியாதும்மா. அதை இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஒவ்வொரு மாதமும் போனில் சமாதானம் சொல்வதைவிட இது சுலபம்.

கணக்கைப் பாருங்கள். தினப்படி மாதத்துக்கு 1800 யூரோ. நம்மூரில் எல்லாரும் செய்வதுபோல உங்கள் அப்பாவும் அதை நூறால் பெருக்கி, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கழித்து, மீதியை எட்டால் பெருக்கியிருப்பார். இடையில் வீட்டு அட்வான்ஸ் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் வாடகையை இரண்டாகச் சொல்வார்கள்: வெறும் இடத்துக்கு மட்டுமான ‘குளிர் வாடகை’, ஹீட்டிங் முதலானவை சேர்ந்த ‘சூடான வாடகை’. விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை.

குளிர் வாடகை 700, எல்லாம் சேர்த்து 850 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 2100, முதல் மாத வாடகை 850. ஆக, வாசல்படி ஏறவே 2950 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று போட்டாலே 2 லட்சத்து 95 ஆயிரம். உங்களிடம் இருப்பது 2 லட்சம்.

பயப்பட வேண்டாம், இரண்டு வழி இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டப்படி அட்வான்ஸை மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, தினப்படியில் ஒரு பகுதியைக் கிளம்பும் முன்பே தர முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். தினப்படி மாத ஆரம்பத்தில் வருமா, கடைசியில் வருமா என்பதையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில்தான் என்றால் அக்டோபர் முழுக்க உங்கள் சேமிப்பில்தான் ஓட வேண்டும்.

இனி மாதச் செலவு. வாடகை 850, சமைத்துச் சாப்பிட்டால் மளிகைக்கு 250, போன் 15, கைச்செலவு 150. உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்குமான ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஒரு மாதம் வேண்டாமென்றால் அதற்கு முந்தின மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் போதும். அப்புறம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கடிதம் வந்ததும் ஏதோ மோசடி என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள், நீங்கள் போடாதீர்கள். பல பேர் சேர்ந்திருக்கும் வீடென்றால் ஒருவர் கட்டினால் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சேர்த்துச் சுமார் 1350. மாதம் 450 மிச்சம். அக்டோபரில் பாதி மாதம் ஹோட்டல் என்பதால் வாடகையில் இன்னொரு 425 மிச்சம். குளிர் கோட்டும் ஷூவும் 400 போய்விடும். இப்படிப் பார்த்தால் டிசம்பர் கடைசியில் மிச்சம் 1375, வீட்டுக்காரரிடம் முடங்கியிருப்பது 2100. அதாவது, நகையைத் திருப்ப வேண்டிய மாதத்தில் உங்கள் சேமிப்பிலேயே 725 யூரோ குறைந்திருக்கும். ஊர் திரும்பும் மே கடைசியில் கையில் சுமார் 1500. அட்வான்ஸும் வந்துவிட்டால் மொத்தம் 3600, ஏறக்குறைய 3 லட்சத்து 60 ஆயிரம். வரி விஷயம் இதில் சேரவில்லை, அதற்கு வருகிறேன்.

அந்த அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றைக்கு வராது. வீட்டைப் பார்த்து, ஹீட்டிங் கணக்கு முடித்துத் தர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ஆகவே திரும்பும்போது அங்கே தொடங்கிய வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். அப்பாவிடம் நகைக்குத் தேதி சொல்வதென்றால் அடுத்த வருடத் தீபாவளி என்று சொல்லுங்கள்.

வீடு தேடும்போது வாடகைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: “முகவரிப் பதிவுக்குக் கடிதம் தருவீர்களா?” குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கடிதம் கட்டாயம். வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகு தபாலில் வரும். கிளம்பும்போது பதிவை நீக்கிவிட்டு வாருங்கள். “நான் வெளியூரில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்பவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் திருடர்தான். வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

சரி, வரி. ஏப்ரல் 1-லிருந்து செப்டம்பர் 30 வரை எண்ணினாலே 183 நாள். அக்டோபரில் கிளம்பும் நீங்கள் நிதியாண்டில் பாதிக்கு மேல் இங்கே இருந்துவிடுவதால், வரிக் கணக்கில் இந்த ஆண்டு இந்தியாவில் வசிப்பவர்தான். மே கடைசியில் திரும்புவதால் அடுத்த ஆண்டும் அப்படியே. அங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் ஜெர்மனியும் வரி கேட்கலாம். அந்த வரி யார் பொறுப்பு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது ஜெர்மன் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும், வழக்கமான ஐடிஆர் 1 படிவம் ஒத்துவராது. இந்த ஒரு வருடம் ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. இரண்டு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பிஎஃப் அலுவலகத்தின் சான்றிதழ் இருந்தால் அங்கே ஓய்வூதியச் சந்தா பிடிக்க மாட்டார்கள். கம்பெனிதான் விண்ணப்பிக்கும், கிளம்பும் முன் ஞாபகப்படுத்துங்கள்.

பெட்டிக்கு வருவோம். குளிர் கோட்டை இங்கே வாங்க வேண்டாம், உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட் போதும். குக்கர் எடுத்துப் போங்கள், ஆனால் அலுமினியம் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது. இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ள சின்ன ஸ்டீல் குக்கரும், கூடவே இரண்டு கேஸ்கட்டும். மிக்ஸி அங்கே ஓடும், மின்சாரம் நம்மூர்போல 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். இட்லிப் பொடி, சாம்பார் பொடி தாராளமாக. நெய்யும் பால்கோவாவும் கூடாது, வெளியிலிருந்து பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. அம்மா எப்படியும் ஒரு கட்டு செருகுவார், விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் ஒரு முறை பெட்டியைத் துழாவிவிடுங்கள். தேங்காய்க்குத் தடையில்லை என்பது வேடிக்கை. மற்றதெல்லாம் அங்கே ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும்.

டிக்கெட் போடுகிறவர்களிடம் சனிக்கிழமை இரவு இறங்கும்படி போடாதீர்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். நான் முதல்முறை அப்படி இறங்கி, திங்கள் காலை வரை ஒரு பாக்கெட் முறுக்கில் ஓட்டினேன். கைப்பையில் இரண்டு வேளைக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.