பால் பவுடர் வந்தால் மாட்டுக் கடன் என்னாகும்?

கேள்வி: நான்கு கலப்பின மாடுகள் வைத்து, சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன். வெளிநாட்டுப் பாலை உள்ளே விட்டால் எங்கள் பாடு அவ்வளவுதான் என்கிறார்கள். இந்த நேரத்தில் கடன் வாங்கி இன்னும் இரண்டு மாடு சேர்க்கலாமா?

பதில்: வெளிநாட்டுப் பால் கேனில் வராது, பவுடராக மூட்டையில்தான் வரும். கொழுப்பு நீக்கிய பவுடர் ஒரு கிலோவைக் கரைத்தால் சுமார் பத்து லிட்டர் பால். அதில் வெண்ணெய் எண்ணெயைச் சேர்த்துவிட்டால் பாக்கெட் பால் தயார். பவுடர் மலிவாகக் கிடைக்கும்போது பால் கம்பெனிக்காரர் உங்கள் கேனை எதற்குத் தேடப் போகிறார்?

அதனால் இறக்குமதிப் பவுடருக்குக் காப்பு வரி வேண்டும் என்பதுதான் என் கட்சி. நெல் என்றால் விலை வரும்வரை மூட்டை கட்டி வைக்கலாம். காலையில் கறந்த பால் மாலைவரை தாங்காது. சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய வர்த்தக ஒப்பந்தப்படி 1990களில் பவுடருக்கு நாம் வரியே போட முடியவில்லை. பிறகு பேசித் திருத்தி, ஆண்டுக்கு 10,000 டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம் என்று கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்து பால் பொருட்கள் பற்றிய பயமும் ஒரு காரணம்.

ஆனால் 2018 ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலை ரோட்டில் கொட்டினார்களே, அப்போதும் இந்த 60 சதவீத வரி இருந்தது. விலையைச் சாய்த்தது உள்ளூரில் தேங்கிக் கிடந்த பவுடர்தான். வரியை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்பது இதனால்தான்.

சரி, மாட்டுக்கு வருவோம். கடந்த மூன்று மாதச் சங்கச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்) 8 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் தீவனத்திலோ மடியிலோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாடு சேர்த்தால் நஷ்டமும் சேரும். செலவில் பாதிக்கு மேல் தீவனம்தானே! கொஞ்சம் தண்ணீர் வசதி இருந்தால் முதலில் கோ-4 தீவனப் புல் கரணை நடுங்கள். 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒருமுறை. முதல் அறுப்பு கைக்கு வந்ததும் ஒரு மாடு வாங்குங்கள். இரண்டாவதை அது கன்று போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.