‘கம்பஸில நிரந்தரமா எடுப்பினமா அண்ணா?’

தங்கச்சி, நீங்கள் கேட்டது: ‘பிரிட்டனில மாஸ்டர்ஸ் முடியப்போகுது. டெங்கில பிஎச்டி செய்தால் இங்கயே கம்பஸில நிரந்தர வேலை எடுக்கலாமா? திருகோணமலையில வீட்டை ஈடு வச்சுத்தான் அம்மா அனுப்பினவ.’ 2017 இல கிண்ணியாவில டெங்கு பரவினதைப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்ததெண்டும் எழுதியிருந்தீங்கள்.

பிஎச்டி எடுக்கலாம். நிரந்தரத்தை இப்ப நினைக்காதேங்கோ.

நானும் உவர்மலைதான். 2006 இல வந்து, நாலு ஒப்பந்தம் தாண்டி, தலை நரைச்ச பிறகுதான் நிரந்தரக் கடிதம் கண்டனான். ஊரில கம்பஸ் லெக்சரர் எண்டால் பென்சன் எடுக்கும்வரை ஒரே கதிரை. இங்க பிஎச்டிக்குப் பிறகு போஸ்ட்டொக், அது ரெண்டு மூண்டு வருச வேலை. பேராசிரியர் வெல்கம் ட்ரஸ்ட், மெடிக்கல் ரிசேர்ச் கவுன்சில் போல ஆய்வுக்குக் காசு குடுக்கிற இடங்களுக்கு எழுதி வாங்கின காசில ஓடுறது. காசு முடிய வேலையும் முடியும்.

என்ர ரெண்டாவது இடத்தில ‘கிராண்ட் நீளும், யோசிக்காதேயும்’ எண்டு வாயால சொன்னவை. நீளேல்லை. ஆறு கிழமை இருக்கேக்க மின்னஞ்சல் வந்தது. மூத்தவள் பிறந்து நாலு மாதம், விசாவும் அந்த வேலையோட கட்டினது. அண்டிரவு அவிச்ச இடியப்பம் விடியும்வரை தட்டில கிடந்து காஞ்சது.

அதுக்குள்ள ஒரு காசநோய்க் குழு என்னை எடுத்தது. நான் அதுவரை பாத்த நுளம்பைப் பற்றி அவை ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு ‘ஆர்’ மென்பொருளில தரவு பாக்கத் தெரியும், அதுதான் தேவைப்பட்டது. அதால சொல்லுறன், ஒரு நோயோட மட்டும் ஒட்டாத கைவேலை ஒண்டு பழகுங்கோ: புள்ளிவிபரம், மரபணுத் தொடர் பாக்கிறது, ஏதெண்டாலும். 2014 எபோலா, 2016 சீக்கா, 2020 கொரோனா, ஒவ்வொண்டுக்கும் காசு ஓடி வந்து வத்தினது. 2021 இல பிரிட்டன் வெளிநாட்டு உதவியை 0.7 வீதத்திலயிருந்து 0.5 வீதமாக் குறைக்க, ஓடிக்கொண்டிருந்த ஆய்வுகளுக்கே வெட்டு விழுந்தது. எங்கட நாட்டு மலேரியாவும் இதே கதைதானே? 1963 இல 17 நோயாளர். ‘இனி என்ன’ எண்டு கை தளர, அந்தப் பத்து வருசம் முடிய முந்தி லட்சக்கணக்கில. மலேரியா இல்லாத நாடு எண்ட சான்றிதழ் 2016 இலதான் வந்தது.

வேலை பிடிக்குமோ எண்டதையும் பாருங்கோ. தை மாதம் வெளியில பனி. நுளம்பு வளக்கிற அறைக்குள்ள 27 பாகை, ஈரப்பதன் 80 வீதம், மழை விட்ட பின்னேரம் வீட்டுக் கோடிக்குள்ள நிக்கிற மாதிரி. வெள்ளைத் தட்டில குடம்பிக்கு மீன்தீனித் தூள் போட்டு, கூட்டுப்புழுவை ஒவ்வொண்டா பிளாஸ்டிக் குழாயால உறிஞ்சிக் கூண்டுக்க விடவேணும். ஞாயிற்றுக்கிழமையும் அதுகளுக்குப் பசிக்கும்.

உங்களிட்ட இருக்கிற மூலதனம், ஊர்தான். டெங்கு பரப்புற ஏடிஸ் நுளம்பு நல்ல தண்ணியில மட்டும்தான் முட்டையிடும் எண்டு புத்தகம் சொல்ல, யாழ் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் கரையோர உவர்த்தண்ணியிலயும் குடம்பியைக் காட்டினவை. கரையில ஏத்தி வச்ச வள்ளத்துக்க தேங்கிற தண்ணியை நீங்கள் பாத்து வளந்தனீங்கள். நேர்முகத்தில அதைச் சொல்லுங்கோ.

காசுக் கணக்கு இது. யூகேஆர்ஐ எண்ட அரசாங்க ஆய்வு நிதி அமைப்பு பிஎச்டிக்காரருக்குக் குடுக்கிற உதவித்தொகை 2025–26 க்கு ஆகக் குறைஞ்சது 20,780 பவுண், வரியில்லை. வெளிநாட்டாரும் எடுக்கலாம், ஆனா இடங்களில 30 வீதம் வரைதான், அதால போட்டி கடுமை. கிருமி சம்பந்தப்பட்ட சில பாடங்களுக்கு ‘ஏடாஸ்’ எண்ட அனுமதி விசாவுக்கு முந்தி வேணும், அது கிழமைக்கணக்கில இழுக்கும். படிப்பு முடிய இங்க நிண்டு வேலை செய்ய மாஸ்டர்ஸ்காரருக்குக் குடுக்கிற கிராஜுவேட் விசா, 2027 ஜனவரியிலயிருந்து விண்ணப்பிச்சால் ரெண்டு வருசத்துக்குப் பதில் 18 மாதம். அதுக்கு முந்திப் போடப் பாருங்கோ. பேராசிரியரோட கதைக்கேக்க, காசு எந்தத் திகதியில முடியுது எண்டு வெக்கப்படாமல் கேளுங்கோ. நான் கேக்கேல்லை.

ஈடு பிஎச்டிக் காசில மீளாது, அதை அம்மாவுக்கு இப்பவே சொல்லிப்போடுங்கோ. முதல் ஒரு வருசம் ஆய்வுகூட டெக்னீசியனாப் போய்க் கடனைக் குறைக்கலாம், கையும் பழகும். அடுத்த ஒக்டோபர் இடங்களுக்கு மார்கழி, தையிலயே கனக்க விண்ணப்பம் மூடிவிடும். சீவியை அனுப்பிவிடுங்கோ, இந்தச் சனி இருந்து பாக்கிறன்.