கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டிய மனை

கேள்வி: திருவாரூரில் இருக்கிறோம். கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மாமியாருக்கு 78 வயது, மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தஞ்சாவூர்ப் புறநகரில் வீடு கட்டிக் குடியேற நினைக்கிறோம். வல்லம் சாலைப் பக்கம் ஒரு மனை இருக்கிறது. பள்ளியக்ரகாரம் தாண்டி, வயலை மனையாக்கிய ஒரு நகரில் இன்னொன்று. இரண்டாவது விலை குறைவு, கொஞ்சம் பெரியதும்கூட. எதை வாங்கலாம் சார்?

பதில்: இரண்டும் தஞ்சாவூர்தான், ஆனால் மண் ஒன்றல்ல. டெல்டாவின் தென்மேற்கு ஓரத்தில் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது. வல்லம் பக்கம் மேட்டுப் பூமி, செம்மண், தோண்டினால் செம்பாறாங்கல். வடக்கே வடவாறும் வெண்ணாறும் தாண்டிவிட்டால் வண்டலும் களியும். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு ஆகும் செலவு அங்கே கூடும். விலை குறைவு என்று நீங்கள் சொல்வதில் பாதி இப்படியே போய்விடும்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். பாசன வாய்க்கால் மேட்டோரமாக ஓடி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும். வடிகால் பள்ளத்தில் ஓடி மிச்சத்தை எடுத்துப் போகும். மனை விற்பவர்கள் “பக்கத்திலேயே வாய்க்கால், நிலத்தடி நீருக்குப் பஞ்சமே இல்லை” என்பார்கள். வடிகால் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

நானே இதில் ஏமாந்தவன். சித்திரையில் மனை வாங்கினேன், தரை காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. மனை பிரித்தவர் நான்கு வயலுக்குப் பொதுவாக இருந்த கன்னி வாய்க்காலை, அதாவது வரப்போரச் சிறு வாய்க்காலை, மூடி, அதன்மேல் தார் ரோடு போட்டிருந்தார். வீடு கட்டிய முதல் கார்த்திகையில், ஒரே ராத்திரி மழையில் கொல்லையில் முழங்கால் தண்ணீர். போக வழியில்லாமல் ஆறு நாள் நின்றது. செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறைத் தண்ணீர் உள்ளே போகாமல் திரும்பி வந்தது. சர்க்கார் வாய்க்காலாக இருந்தால் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான நில வரைபடம்) கோடாகத் தெரியும், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) புறம்போக்கு என்று வரும். வரப்போரக் கன்னி வாய்க்கால் பல சமயம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. எதிர் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பொறியாளனாயிற்றே என்று கேட்காமல் விட்டேன்.

அதனால் புலப்படத்தை அரசின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போய், எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். பழைய வீட்டுச் சுவர்களில் ஈரக்கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்றும் கவனியுங்கள். கொத்தனாரை ஒருமுறை கூட்டிப் போய் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொன்னால், மனைக்கும் ரோட்டுக்கும், ரோட்டுக்கும் வடிகாலுக்கும் உள்ள உயர வித்தியாசம் தெரிந்துவிடும். சுரண்டாமல் மேலேயே தார் போடுகிற இடங்களில் ரோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறும். இன்று சமமாக இருக்கும் வாசல் பத்து வருஷத்தில் பள்ளமாகிவிடும். கிராவல் அடித்து மேடாக்கிய மனையில் உடனே கட்டாதீர்கள், மண் இறுக இரண்டு மழைக்காலமாவது தாங்க வேண்டும்.

மேட்டுப் பக்கத்திலும் குறை உண்டு. வல்லம் பக்கம் நிலத்தடி நீர் ஆழத்தில். பக்கத்து வீடுகளில் போர் எத்தனை அடி, சித்திரை வைகாசியில் தண்ணீர் வருகிறதா, ஊராட்சிக் குழாய் தினமும் வருகிறதா என்று கேளுங்கள்.

சரி, மண்ணும் தண்ணீரும் ஒத்துவந்தால்கூட நல்ல குடியிருப்பு என்று சொல்லிவிட முடியாது. ராத்திரி ஏழரை மணிக்கு ஒருமுறை அந்த நகருக்குள் போய், விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள். முதலீட்டுக்கு வாங்கிப் போட்ட மனைகளே அதிகம் என்றால் நுழைவு வளைவு பிரமாதமாக இருக்கும், உள்ளே சீமைக்கருவேலமும் பாம்பும்தான். உங்கள் மகள் டியூஷன் முடிந்து மினி பஸ்ஸில் இறங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் தனியாக வீடு வரை நடக்க முடியுமா? மாமியார் கைத்தடியோடு போய் ஒரு பாக்கெட் பாலும் மருந்தும் வாங்கி வர முடியுமா? 78 வயதில் திருவாரூரை விட்டு வருகிறவருக்கு, கூப்பிட்டால் எட்டிப்பார்க்கிற நாலு வீடு வேண்டும். தினமும் நடந்து போய்வர ஒரு கோயில் இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு முன்னால் மனை கொஞ்சம் பெரியது என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரியும் புதிய பேருந்து நிலையமும் வல்லம் போகும் திசையில் இருக்கின்றன. பள்ளியக்ரகாரத்திலிருந்து வந்தால் ஊருக்குள் புகுந்து கடக்க வேண்டும், இல்லையேல் பைபாஸைச் சுற்ற வேண்டும்.

காகிதங்களை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள், ஆனால் இரண்டை நீங்களே கேளுங்கள். நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண் என்ன? அங்கீகாரமில்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரமாகி வரன்முறை ஆணை பெற்றதா? அப்புறம், மூலப்பத்திரத்தில் கோயில், மடம், இனாம் (மானியமாகக் கொடுத்த நிலம்) என்ற வார்த்தை வருகிறதா? டெல்டாவில் கோயில் நிலம் ஏராளம், தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு பட்டாவுக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு நான் வல்லம் பக்கத்தையே சொல்வேன், ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் தெருவாக இருந்தால். அத்துவானத்தில் தனி மனை என்றால் அதையும் விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். மகள் பிளஸ் டூ முடிக்க நாள் இருக்கிறது. அது முடிந்ததும், பிடித்த நகரிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஐப்பசி முதல் தை வரை இருந்து பாருங்கள். மனை விலை அதற்குள் ஏறிவிடும் என்று தரகர் சொல்வார். ஏறினால் ஏறட்டும்.