லண்டன் பசங்க 'பீக்'னு சொன்னா என்ன அர்த்தம்?

ரூம்மேட் 'பீக்'னு சொன்னது நக்கலான்னு கேட்டிருந்தீங்க. உங்க ரூம்மேட் நக்கல் பண்ணலங்க. ஹவுஸ் ஓனர் டெபாசிட்ல பாதிய அமுக்கிட்டாருன்னு நீங்க சொன்னதுக்கு அவன் "தட்ஸ் பீக், ப்ரவ்"னு (ப்ரவ்னா மச்சான் மாதிரி) சொன்னது உங்களுக்காக வருத்தப்பட்டுதான். பீக்னா உச்சம்னு படிச்சு வந்ததால ஏதோ சூப்பர்னு சொல்றான்னு தோணும், ஆனா லண்டன் பசங்க வாயில அது அப்படியே நேர் எதிர், "அய்யோ, செம அடியாச்சேடா" அந்த ரகம். கடைசி பஸ்ஸ விட்டாலும் பீக், எக்ஸாம்ல ஊத்திக்கிட்டாலும் பீக். "பீக் ஃபார் யூ"ல மட்டும் சில சமயம் நக்கல் ஒளிஞ்சிருக்கும், மூஞ்சியப் பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

மொழியியல்காரங்க இந்தப் பேச்சுக்கு மல்டிகல்ச்சுரல் லண்டன் இங்கிலீஷ்னு பேரே வெச்சிருக்காங்க, 2000கள்ல கிழக்கு லண்டன்ல இருக்கற ஹாக்னி ஏரியா பசங்க பேசறத ரெக்கார்ட் பண்ணி ஆராய்ச்சியும் பண்ணாங்க. ஜமைக்கா வாடை தூக்கலா இருக்கும், ஆனா வெள்ளைக்காரப் பசங்க, பங்களாதேஷி பசங்கன்னு எல்லாரும் கலந்துகட்டி பேசுவாங்க. இன்னும் ரெண்டு மூணு காதுல விழும்: "பேர்" (bare)னா நெறைய, "லாங்"னா ஒரே இழுவை, "அலவ் இட்"னா விட்டுத்தள்ளு, ஏதோ பர்மிஷன் கேக்கறான்னு நெனச்சுடாதீங்க.

நீங்களும் சொல்லலாம், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும். சாவு வீட்டு விஷயத்துக்கெல்லாம் வேணாம், ரொம்ப லேசா எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் அந்த டெபாசிட், இங்கிலாந்துல பொதுவா அத ஓனர் வாங்கின 30 நாளுக்குள்ள அரசாங்கம் அங்கீகரிச்ச ஸ்கீம்ல போடணும், போட்டிருந்தா அந்த ஸ்கீம்காரங்ககிட்டயே காசில்லாம கம்ப்ளைன்ட் பண்ணலாம், மொதல்ல அதப் பாருங்க.