பேர் மேல என்ன குத்தம்? எக்செல் பைல் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே புலம்பல், “தமிழ்ல பேர் வச்ச எக்செல் பைல் திறக்கல”. மாசக் கடைசி, செக்ரோல், அதான் தோட்டத்துச் சம்பளப் பதிவு, முடிக்கிற அவசரம் போல. பதிலுக்கு முன்னாடி ஒன்னு, எதுல கை வைக்கிறதுன்னாலும் முதல்ல ஒரு கொப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல போட்டுட்டு வைங்க. எத்தனை தடவைதான் எழுதுறது.

கொட்டகலை: அண்ணே, எக்செல் திறக்கல. உடனே வழி சொல்லுங்க.

ஸ்க்ரீன்ல என்ன மெசேஜ் வந்துச்சு தம்பி? டொக்டர்கிட்ட போய் “வலிக்குது”ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருந்தா மாத்திரை குடுப்பாரா? மெசேஜைப் போன்ல படம் புடிச்சு அனுப்புங்க, அப்புறம் பேசலாம்.

தலவாக்கலை: ஒபிஸ்ல இருந்து வந்த பைல், பேருக்கு முன்னாடி அலைக்குறியும் டொலர் குறியும் இருக்கு. 1 கேபிதான் காட்டுது, திறக்கமாட்டேங்குது.

அது கணக்கே இல்ல. எக்செல் பைலை யாராவது திறந்து வச்சிருக்கும்போது பக்கத்துல தானா பொறக்குற நிழல் அது, 165 பைட், உள்ளுக்குத் திறந்தவரோட பேர் மட்டும்தான் கிடக்கும். எக்செல்லை மூடிட்டு அசலை அனுப்பச் சொல்லுங்க.

பண்டாரவளை: சங்கத்துக் கணக்கெல்லாம் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா வச்சிருக்கேன். சில பைல் மட்டும் திறக்கல, டெஸ்க்டொப்புக்கு எடுத்துப்போட்டா திறக்குது.

பாதை நீளம் கூடிருச்சு. டிரைவ்ல ஆரம்பிச்சு பைல் பேர் முடியிற வரைக்கும் எல்லாம் சேர்த்து எக்செல் தாங்குறது 218, நீங்க 200ன்னே வச்சுக்கங்க. இதுல தமிழுக்கு ஒரு கணக்கு இருக்கு. “கொழுந்து” நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, கொம்பியூட்டருக்கு எட்டு, ஏன்னா எழுத்தோட ஒட்டுற ஒவ்வொரு குறியையும், புள்ளியையும் தனியா எண்ணும். அதே பேர் இன்டர்நெட் லிங்க்குக்குள்ள போச்சுன்னா ஒவ்வொன்னும் ஒன்பதாகும், 72 ஆச்சா? போன்ல இன்னும் மோசம், ஒரு பேருக்கு 255 பைட்தான், தமிழ்ல ஒன்னுக்கு 3 பைட் போனா 85லயே முடிஞ்சிரும், சில ஆப் அதுக்கு மேல வர்றதை வெட்டி, பேர்க் கடைசியில புள்ளி வச்சு வர்ற xlsx வாலையும் சேர்த்து வீசிரும், அப்புறம் அது எக்செல்லுன்னே போனுக்குத் தெரியாது. தோட்டத்துல அரைப்பேர், அதாவது அரை நாள் வேலைன்னு, போட்டா சம்பளம் பாதியாவது வரும், பைலுக்கு அதுவும் இல்ல. “மரண சகாய சங்கம் வரவு செலவு திருத்தியது கடைசி புதுசு”ன்னு சரித்திரம் எழுதாம சுருக்கமா வைங்க.

பொகவந்தலாவை: தோட்டத்து ஒபிஸ்ல வேலை. மொத்தக் கணக்கு ஷீட் “கொழுந்து மார்ச்” பைல்ல இருந்து எடுக்கணும், ஆனா அப்படி ஒரு பைல் இல்லைங்குது, பைல் கண்ணு முன்னாடியே இருக்கு. டவுன்ல ஒரு கடையில காட்டினேன், தமிழ்ப் பேர்தான் வினைன்னு 36 பைலையும் இங்கிலீசுக்கு மாத்திட்டாங்க, இப்ப ஒன்னுமே வேலை செய்யல.

வயிறு எரியுது. விண்டோஸ் 2000 காலத்துல இருந்து தமிழ் இருக்கு, இன்னும் “தமிழ்ல பேர் வச்சா பைல் கெட்டுப்போகும்”னு சொல்லி நம்ம ஆளுங்ககிட்டயே காசு வாங்குறாங்க. மூணு டிவிஷன், பன்னெண்டு மாசம், 36 பைல்ல ஒன்னு திறக்கலைன்னா மிச்சம் 35 எப்படித் திறந்துச்சுன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா?

விசயம் என்னன்னா, “கொ”வை ரெண்டு விதமா எழுதலாம். சரியான கீபோர்ட்ல அடிச்சா கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியா வரும், பழைய ஃபொன்ட்ல இருந்து மாத்துற சில கன்வெர்ட்டரும், பிடிஎஃப்ல இருந்து கொப்பி பண்றதும் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா ஒட்டிக் குடுக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்னுதான், விண்டோஸுக்கு வேற வேற பேர். ஒரே ஃபோல்டர்ல ரெண்டு “கொழுந்து மார்ச்” பக்கத்துல பக்கத்துல கிடந்ததை நானே பார்த்திருக்கேன், எதைத் திறந்தேன்னு தெரியாம ஒரு ராத்திரி போச்சு.

சோதிக்கிறது லேசு. பைல் பேரை நோட்பேட்ல ஒட்டி, “கொ”வுக்குப் பின்னாடி கர்சரை வச்சு பேக்ஸ்பேஸ் ஒரு தடவை தட்டுங்க. “க” மிஞ்சினா ஒத்தக் குறி, “கெ” மிஞ்சினா உடைஞ்ச குறி. கோ, கௌ வர்ற பேருக்கும் இதேதான், உடைஞ்ச கோவுக்கு மட்டும் “கே” மிஞ்சும். உடைஞ்சிருந்தா அந்தப் பேரைக் கையால புதுசா அடிச்சு வைங்க.

இப்ப உங்க 36க்கு வர்றேன். கடைக்குக் குடுக்க முன்னாடி கொப்பி எடுத்திருந்தீங்கன்னா அதைத் திரும்பப் போட்டுட்டு ஒரே ஒரு பைலைச் சரி பண்ணினா போதும். எடுத்திருக்கமாட்டீங்க, தெரியும். மொத்தக் கணக்கைத் திறந்து டேட்டா பக்கம் போங்க, எடிட் லிங்க்ஸ்னு இருக்கும், புது எக்செல்லா இருந்தா வொர்க்புக் லிங்க்ஸ், அதுல சேஞ்ச் சோர்ஸ் குடுத்து ஒவ்வொரு பழைய பேருக்கும் புதுப் பைலைக் காட்டுங்க. ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதுக்கு முன்னாடியாவது கொப்பி எடுங்க.

ஹட்டன், ஆசிரியர்: ஒவ்வொரு வகுப்பு மார்க்ஸ் பைலையும் சேர்க்க எக்செல்லுக்குள்ள ஒரு மேக்ரோ, தானா வேலை செய்யிற சின்ன ப்ரோகிராம், வச்சிருக்கோம். தமிழ்ப் பேர் பைல் வந்தா வெறும் கேள்விக்குறியா காட்டி நின்னுருது.

மாஸ்டர், மேக்ரோவுல பைல் பேரைத் தேட “டிர்”ங்கிற கட்டளை பாவிக்கிறீங்க, அதுக்கு எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கிற யூனிகோட் தெரியாது, தமிழைப் பார்த்தா கேள்விக்குறி போட்டுரும், கேள்விக்குறி வச்ச பேர்ல விண்டோஸ்ல பைலே இருக்க முடியாது, அதான் நிக்குது. அதுக்குப் பதிலா யூனிகோட் தெரிஞ்ச ஃபைல்சிஸ்டம்ஒப்ஜெக்டுக்கு மாத்துங்க. மேக்ரோவுக்குள்ள தமிழை நேரா அடிக்கவும் வேணாம், பேரை ஒரு செல்லுல எழுதி அங்க இருந்து எடுங்க.

பதுளை: சிங்களப் பேர்ல வந்த பைல், “ஸ்ரீ” மட்டும் பிரிஞ்சு தெரியுது, லிங்க்கும் அறுந்துபோச்சு.

சிங்கள ஸ்ரீக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்னு இருக்கு, வழியில ஏதோ ஒரு சொப்ட்வெயார் அதைத் தின்னுருச்சு. அனுப்பினவரோட பேரை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டுங்க, கையால அடிக்காதீங்க.

மஸ்கெலியா: வேர்ட்ல பாமினி ஃபொன்ட்ல அடிச்ச தலைப்பை அப்படியே பைல் பேரா ஒட்டினேன், சேவ் ஆகல.

பாமினி தமிழ் இல்ல, தமிழ் மாதிரி வேசம் போட்ட இங்கிலீசு எழுத்து. அதுல காற்புள்ளிக்கு நீங்க தட்டுறது “பெரியது” குறி, விண்டோஸ் பைல் பேர்ல வேணாம்னு ஒதுக்கிற ஒன்பது குறியில அதுவும் ஒன்னு. யூனிகோட்ல அடிங்க. 2 நிமிசம்.

நானுஓயா: ஜிப்பைப் பிரிச்சா பேரெல்லாம் தலையில கோடு போட்ட இங்கிலீசு ஏ எழுத்தா வருது.

அனுப்பினவரை 7-ஜிப்ங்கிற சொப்ட்வெயார்ல கட்டச் சொல்லுங்க.

ஹப்புத்தளை: பழைய எக்செல் பைலோட வாலை நானே புதுசா மாத்தி எழுதினேன், இப்ப ஃபோர்மட் சரியில்லைன்னு திறக்கமாட்டேங்குது.

லயத்துக் கதவுல பங்களான்னு எழுதி வச்ச கதை. பழைய வாலையே திரும்பப் போடுங்க, திறக்கும், அப்புறம் சேவ் அஸ் குடுத்துப் புது வகையா வைங்க. கொப்பி எடுத்துட்டுத்தான்.