டிப்போவில் கிடந்த பம்புக்கு வாரண்டி எப்போது தொடங்கும்?

வணக்கம் சார். ராணுவ டிப்போவுக்கு நீங்கள் கொடுத்த பம்பு 8 மாதம் பெட்டியிலேயே கிடந்து, இப்போது பழுது என்கிறார்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒப்பந்தத்தின் வாரண்டி விதியைப் பாருங்கள். பொருளை ஏற்றுக்கொண்ட தேதியா, பொருத்தி ஓட்டிக் காட்டிய தேதியா? அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்ற தேதி என்றால், இன்ஸ்பெக்‌ஷன் நோட் (பொருளைச் சோதித்து ஏற்றதற்கான சான்று), சரக்கு ரசீது இரண்டின் நகலையும் கடிதத்தோடு அனுப்புங்கள். தயவுசெய்து போனில் பேசி முடித்துவிடாதீர்கள்.

வாரண்டிக்குள் வந்த பழுது என்றால் உடனே சரிசெய்து கொடுங்கள். பம்பு ஓடாமல் நின்ற நாட்களையும் வாரண்டியோடு கூட்டும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால், தாமதம் உங்களுக்குத்தான் பாரம். அப்புறம் பேங்க் கேரண்டி, அதாவது ஒப்பந்தத்தை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடாக நீங்கள் கொடுத்த வங்கி உத்தரவாதம்: மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 171ஆம் விதிப்படி, வாரண்டிக் கடமை முடிந்து 60 நாள் வரை அது செல்லுபடியாக வேண்டும். அதன் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.